ஆஸ்திரேலியாவில் பி.ஆர். வாங்கியவருக்கும் ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கும் எந்த ஹெல்த் இன்சூரன்ஸ்?

கேள்வி கேட்டவர் மெல்பர்னில் இருக்கிறார். 482 என்ற தற்காலிக வேலை விசாவில் வந்து வேலை பார்த்து, போன மாதம் பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை, வாங்கியிருக்கிறார். அவருக்கு வயது 36, மனைவிக்கு 33. அடுத்து, திருச்சியிலிருந்து அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்து ஒரு வருடம் தங்கப்போகிறார்கள். அப்பாவுக்கு 67, சுகரும் பிபியும் உண்டு, நான்கு வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். “நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நல்ல தனியார் ஹெல்த் இன்சூரன்ஸ் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார். அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வந்த இடத்தில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் பில்லை யார் கட்டுவது? அரசின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடைத்துவிட்ட பிறகும் எங்களுக்குத் தனியார் காப்பீடு தேவையா? இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன். முதல் கேள்விதான் அவசரமானது, அதனால் அதில் அதிக நேரம் செலவழிக்கிறேன்.

நான் சிட்னியில் ஒரு பொது மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். மெடிகேர் இல்லாத நோயாளிகளின் பில்லிங்கும் இன்சூரன்ஸ் க்ளெய்மும் பல வருடங்களாக என் மேஜையில்தான் நடக்கின்றன. இன்சூரன்ஸ் விற்கவோ நிதி ஆலோசனை சொல்லவோ எனக்கு உரிமம் கிடையாது. அதனால் இந்த நிறுவனத்தின் இந்த பாலிசியை எடுங்கள் என்று சொல்லமாட்டேன். எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். கீழே வரும் வருமான வரம்புகள் 2025–26 நிதியாண்டுக்கானவை; ஒவ்வொரு ஜூலையிலும் மாறக்கூடியவை. பிரீமியம் வழக்கமாக ஏப்ரல் 1-ஆம் தேதி ஏறும்.

முதலில், நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பாலிசி என்பது இங்கே கிடையாது. குடும்ப பாலிசி என்றால் கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், அவ்வளவுதான். பெற்றோரைச் சேர்க்க முடியாது. அதோடு, நாம் பொதுவாக ‘ஹெல்த் இன்சூரன்ஸ்’ என்று சொல்வதில் மூன்று வெவ்வேறு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று, மெடிகேர் உள்ளவர்களுக்கான தனியார் காப்பீடு. இதன் விதிகள் சட்டத்தில் எழுதப்பட்டவை: வயதையோ நோயையோ காட்டி உங்களை மறுக்கக்கூடாது, நோயாளி என்பதற்காக அதிகம் வசூலிக்கக்கூடாது, பாலிசி எடுத்த பிறகு பணம் தரத் தொடங்கும் வரையிலான காத்திருப்புக் காலத்துக்கு உச்சவரம்பு உண்டு. இரண்டாவது, மெடிகேர் இல்லாமல் இங்கே இருப்பவர்களுக்கு ஆஸ்திரேலிய நிறுவனங்கள் விற்கும் ‘ஓவர்சீஸ் விசிட்டர்ஸ் ஹெல்த் கவர்’. 482-இல் இருந்தபோது நீங்கள் வைத்திருந்தது அதுதான். மாணவர்களுக்கு இதன் உறவுமுறையில் ‘ஓவர்சீஸ் ஸ்டூடன்ட் ஹெல்த் கவர்’ உண்டு. 500 விசாவில் படிக்கும் காலம் முழுக்க அது கட்டாயம். மூன்றாவது, ஊரிலேயே எடுத்துக்கொண்டு வரும் ட்ராவல் இன்சூரன்ஸ். ஒன்றின் விதியை இன்னொன்றுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்வதால்தான் என் மேஜைக்கு வருகிற சண்டைகளில் பாதி வருகின்றன.

சரி, அப்பா அம்மா விஷயம். ஆஸ்திரேலியா 11 நாடுகளோடு பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் வைத்திருக்கிறது. பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்து, இத்தாலி, நெதர்லாந்து, சுவீடன் போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. இந்தியா இல்லை. இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவும் இல்லை. எனவே உங்கள் பெற்றோருக்கு இங்கே மெடிகேர் ஒரு டாலர்கூடத் தராது. நீங்கள் வரி கட்டுகிறீர்கள், மெடிகேர் லெவி என்ற தனி வரியும் கட்டுகிறீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. அவசரம் என்று வந்தால் பொது மருத்துவமனை யாரையும் திருப்பி அனுப்பாது. அந்த விஷயத்தில் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. சிகிச்சை நடக்கும், அப்புறம் பில் வரும். படுக்கைக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும் கட்டணத்தை மாநில அரசே நிர்ணயித்து வைத்திருக்கிறது, ஐ.சி.யூ. என்றால் அதைவிடப் பல மடங்கு. எமர்ஜென்சிக்கு வந்து பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்குப் போனாலும் சில நூறு டாலர் ஆகும்.

அனுமதிக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. மெடிகேர் அட்டை கேட்பார்கள். இல்லை என்றதும் பாஸ்போர்ட், விசா, இன்சூரன்ஸ் விவரம் கேட்பார்கள். பில்லுக்குப் பொறுப்பேற்கிறேன் என்று ஒரு படிவம் வரும். பெரும்பாலும் பிள்ளைகள்தான் அதில் கையெழுத்துப் போடுவார்கள். அப்பா ஸ்ட்ரெச்சரில் இருக்கும்போது யாரும் அதை நிதானமாகப் படிப்பதில்லை. ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் மறுத்தால் கடன் உங்கள் பெயரில் நிற்கும். இன்னொரு பக்கம், எங்கள் பிரிவு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பி, இந்த நோய்க்கு இந்த பாலிசி பணம் தருமா என்று கேட்கும். பாலிசி எடுத்து ஒரு வருடம் ஆகவில்லை என்றால் உடனே ஆமாம் என்று பதில் வராது. முதலில் ஒரு மருத்துவப் படிவம் வரும்.

அந்தப் படிவம்தான் இந்த விஷயத்தின் மையம். சிகிச்சை தரும் டாக்டரிடமும், ஊரில் பார்த்த டாக்டரிடமும் அது போகும். முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று: அறிகுறிகள் முதலில் எப்போது தெரிந்தன? ‘ஏற்கெனவே இருக்கும் நோய்’ என்பதற்கு உள்ளூர்க்காரர்களுக்கான சட்டத்தில் உள்ள விளக்கம் இது: பாலிசி எடுப்பதற்கு முந்தைய 6 மாதத்தில் அந்த நோயின் அறிகுறி இருந்திருந்தால் போதும். டாக்டர் பெயர் வைத்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, நோயாளிக்கே தெரிந்திருக்க வேண்டியதில்லை. முடிவு செய்வது இன்சூரன்ஸ் நிறுவனம் அமர்த்திய டாக்டர். விசிட்டர் கவர் பாலிசிகள் பலவும் இதே மாதிரியான விளக்கத்தைத்தான் தங்கள் விதிப்புத்தகத்தில் வைத்திருக்கின்றன. சில இன்னும் கடுமையாக எழுதிவைத்திருக்கின்றன. அதனால் வார்த்தைக்கு வார்த்தை படித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருவோம். விசிட்டர் கவரில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு வழக்கமான காத்திருப்புக் காலம் 12 மாதம். அவர் தங்கப்போவதும் 12 மாதம். அதாவது, பிரீமியம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள், இதயம் சம்பந்தப்பட்ட எதற்கும் அந்த பாலிசி ஒரு நாள்கூடக் கைகொடுக்காமல் போகக்கூடும். இதை யாரும் ஒளித்துவைக்கவில்லை, பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் வாங்கும்போது மாதம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த பாலிசியால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், நிமோனியா வந்தால், அப்பென்டிக்ஸ் என்றால், அது பெரிய துணை. அதிலும் சுகர் இருப்பவருக்குச் சிக்கல் கொஞ்சம் கூடும். காலில் ஆறாத புண், சிறுநீரகத் தொற்று என்று வந்தால் இது பழைய சுகரின் தொடர்ச்சியா, புதிதாக வந்ததா என்ற கேள்வி எழும். அது எந்தப் பக்கம் சாயும் என்று என்னால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கேஸுக்கு கேஸ் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதைக் கேட்டதும் சிலருக்குத் தோன்றுவது, ஸ்டென்ட் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எமர்ஜென்சியில் நர்ஸ் கேட்கும் முதல் நாலைந்து கேள்விகளில் ஒன்று, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எத்தனை நாளாக என்பது. உங்கள் அப்பா உண்மையைத்தான் சொல்வார், சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் சிகிச்சையே தவறாகப் போகும். சுகருக்கு மெட்ஃபார்மின் 15 வருடமாக, ஸ்டென்ட்டுக்காக க்ளோபிடோக்ரல் நான்கு வருடமாக என்று அவர் சொல்வது அப்படியே குறிப்பில் ஏறும். க்ளெய்மோடு அந்தக் குறிப்பும் போகும். மறைத்தது தெரிந்தால், சம்பந்தமே இல்லாத க்ளெய்மையும் சேர்த்து மறுப்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அப்படியானால் ஊரில் எடுக்கும் ட்ராவல் இன்சூரன்ஸ்? அதில் நல்லதும் உண்டு, பொறியும் உண்டு. நல்லது என்னவென்றால், சில பாலிசிகள் ஏற்கெனவே இருக்கும் நோயை அறிவித்தால், உயிருக்கு ஆபத்தான நெருக்கடி வந்தால் மட்டும் ஒரு வரம்பு வரை தருகின்றன. நெஞ்சு வலி வந்தால் உங்களுக்குத் தேவைப்படுவது அந்த ஒரு பிரிவுதான். பொறி என்னவென்றால், அந்த வரம்பு தலைப்பில் பெரிதாகப் போட்டிருக்கும் தொகை கிடையாது. ஒரு லட்சம் அமெரிக்க டாலர் பாலிசி என்று அட்டையில் இருக்கும்; ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதில் ஒரு சிறு பங்குதான் என்று உள்ளே இருக்கும். மூத்த குடிமக்களுக்கான சில பாலிசிகளில் அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவைக்கு இவ்வளவு என்று உள்வரம்புகளும் உண்டு. ‘நோயாளியின் நிலை சீராகும் வரை’ என்ற வாசகத்தையும் தேடிப் பாருங்கள். சீரானதும் ஊருக்குத் திரும்பி மேல்சிகிச்சை எடுங்கள் என்று அதற்கு அர்த்தம். பல பாலிசிகள் 180 நாளுக்குத்தான் தருகிறார்கள். நீட்டிக்க முடியுமா, நடுவில் க்ளெய்ம் செய்திருந்தாலும் நீட்டிப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். விமானம் ஏறுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். விசிட்டர் கவரை இங்கே வந்த பிறகும் வாங்கலாம், ட்ராவல் பாலிசியை அப்படி வாங்க முடியாது.

பேச மனம் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியைப் படுத்தபடியே ஊருக்குக் கொண்டுபோவதற்கும், இறந்துவிட்டால் உடலை அனுப்புவதற்கும் ஆகும் செலவு ட்ராவல் பாலிசிகளில் பெரும்பாலும் உண்டு. விசிட்டர் கவரில் சில பாலிசிகளில் மட்டுமே உண்டு, அதுவும் வரம்போடு. வீட்டில் இதைப் பேசுவதே அபசகுனம் என்று விட்டுவிடுகிறார்கள். துக்கத்தின் நடுவில் ஒரு மகன் கிரெடிட் கார்டு வரம்பை உயர்த்தச் சொல்லி வங்கிக்குப் போன் செய்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வரியைத் தேடி ஒருமுறை படித்துவிடுங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால் இப்படிச் செய்வேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே பாலிசிதான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அம்மாவுக்குப் பெரிய நோய் எதுவும் இல்லை என்றால் இங்குள்ள விசிட்டர் கவர் அவருக்கு நன்றாகப் பொருந்தும். ஜிபியை, அதாவது குடும்ப டாக்டரைப் பார்க்கும் செலவிலும் ஒரு பகுதி வரும். அப்பாவுக்கு, ஸ்டென்ட்டைத் தெளிவாக அறிவித்து, இதய நெருக்கடிக்கு எவ்வளவு தருவோம் என்று எழுத்தில் சொல்லும் ஒரு ட்ராவல் பாலிசியை ஊரிலேயே எடுப்பேன். கையில் பணம் இருந்தால் அதன் மேல் அடிப்படை விசிட்டர் கவர் ஒன்றும் சேர்ப்பேன். போனில் விற்பனையாளர் “எல்லாம் கவர் ஆகும் சார்” என்று சொல்வது எதற்கும் உதவாது. “2021-இல் ஸ்டென்ட் வைத்தவர், இந்தந்த மாத்திரை சாப்பிடுகிறார், மாரடைப்பு வந்தால் எவ்வளவு, எந்த நிபந்தனையில்?” என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். வருடத்தை மட்டும் உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். பதில் தரத் தயங்கும் நிறுவனத்தை அப்போதே விட்டுவிடலாம்.

எவ்வளவு நாள் தங்குவது என்பதையும் யோசியுங்கள். ஒரு வருடம் முழுக்க இருக்க வேண்டும் என்று அவர்களுக்கும் ஆசை இருக்கும், உங்களுக்கும் இருக்கும். ஆனால் இதய நோயாளிக்கு நாலு மாதம் வந்து, ஊருக்குப் போய்த் தன் கார்டியாலஜிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, மறுபடி வருவது பாலிசிக்கும் உடம்புக்கும் எளிது. மாத்திரையும் கையோடு கொண்டுவரலாம்: மூன்று மாதத்துக்கு உரியது வரை, மருந்துச்சீட்டு அல்லது டாக்டர் கடிதத்தோடு, அதன் அட்டைப்பெட்டியிலேயே. மருந்துக்கு இங்கே அரசு தரும் மானிய விலை விசிட்டர்களுக்குக் கிடையாது.

விசா கடிதத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நிபந்தனை 8501 இருந்தால், தங்கும் காலம் முழுக்கப் போதுமான மருத்துவக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். நீண்ட காலம் தங்கும் பெற்றோருக்கு இதைப் போடுவது சாதாரணம். 180 நாள் பாலிசியோடு வந்து, மீதி ஆறு மாதத்தை அப்படியே விட்டுவிட்டால் அது நிபந்தனை மீறல். எதைப் ‘போதுமானது’ என்று எடுத்துக்கொள்வது என்பது உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. பாலிசியின் விதிகளில் ஒரு பிரதியும் பிரீமியம் கட்டிய ரசீதும் எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

பெற்றோர் இனி அடிக்கடி வருவார்கள், நீண்ட காலம் இருப்பார்கள் என்றால் 870 என்ற தற்காலிகப் பெற்றோர் விசாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே தடவையில் 3 அல்லது 5 வருடம், மொத்தம் 10 வருடம் வரை தங்கலாம். அதிலும் மெடிகேர் கிடையாது, காப்பீடு கட்டாயம். ஆனால் கணக்கு இங்கே மாறுகிறது. முதல் 12 மாதக் காத்திருப்பு முடிந்ததும், இரண்டாவது வருடத்திலிருந்து விசிட்டர் கவர் பழைய நோய்க்கும் பணம் தரத் தொடங்கும். அதனால் ஒரு வருட வருகைக்கு நான் அரைமனதாகச் சொல்வதை, 870 என்றால் முழுமனதோடு சொல்வேன். நடுவில் ஊருக்குப் போகும்போது பாலிசியை ரத்து செய்துவிடாதீர்கள். ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுத்தால் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கக்கூடும். நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். நிரந்தரப் பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் மெடிகேர் கிடைக்காது. மற்ற நிரந்தர விசாக்களுக்கு இங்கிருந்தபடி விண்ணப்பித்தவர்களுக்குக் கிடைக்கும் சலுகை பெற்றோர் விசாவுக்கு மட்டும் இல்லை. விசா கையில் வந்த பிறகுதான்.

இனி உங்கள் இருவரின் விஷயம். முதல் வேலை, 482 காலத்து விசிட்டர் கவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பி.ஆர். வந்த பிறகும் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பிரீமியம் போய்க்கொண்டிருக்கும், பலர் கவனிப்பதில்லை. மெடிகேர் வந்துவிட்ட உங்களுக்கு அந்த பாலிசியால் பெரிய பயன் இல்லை. இன்னும் முக்கியமாக, வரி விஷயத்தில் அது ‘தனியார் மருத்துவமனைக் காப்பீடு’ என்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. மெடிகேரில் பதிவு செய்துவிட்டு, அந்த நிறுவனத்திடம் சொல்லி, முடித்துக்கொள்ளுங்கள் அல்லது உள்ளூர்க்காரர்களுக்கான பாலிசிக்கு மாறுங்கள். மாறினால், ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலத்தைக் கணக்கில் எடுப்பார்களா என்று கேளுங்கள். ஒரு உள்ளூர் பாலிசியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விசிட்டர் கவரிலிருந்து வருபவர்களுக்கு அது நிறுவனத்தைப் பொறுத்தது, அதனால் எழுத்தில் வாங்குங்கள்.

வரியைப் பொறுத்தவரை, பெரும்பாலோர் கட்டும் மெடிகேர் லெவி 2 சதவீதம். அதற்கு மேல், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டி, தனியார் மருத்துவமனைக் காப்பீடும் இல்லை என்றால் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி ஒன்று வரும். 2025–26-இல் தனியாளுக்கு 1,01,000 டாலர், தம்பதிக்கு 2,02,000 டாலர் என்பது வரம்பு. தாண்டினால் 1 முதல் 1.5 சதவீதம். இருவரும் சேர்ந்து 2,20,000 சம்பாதித்தால் 1 சதவீதம், அதாவது ஏறக்குறைய 2,200 டாலர். தம்பதிக்கான மலிவான மருத்துவமனை பாலிசியின் விலையும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் நிற்கும். இதில் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. பல், கண்ணாடி மாதிரியான ‘எக்ஸ்ட்ராஸ்’ மட்டும் எடுத்தால் சர்சார்ஜிலிருந்து தப்ப முடியாது. உங்களுக்கு மட்டும் எடுத்து, மனைவிக்கோ பிள்ளைக்கோ எடுக்காமல் விட்டாலும் தப்ப முடியாது. கைப்பணமாகக் கட்ட வேண்டிய எக்சஸ் தனியாளுக்கு 750, குடும்பத்துக்கு 1,500 டாலருக்கு மேல் போகக்கூடாது. வருடத்தின் நடுவில் எடுத்தால் எடுத்த நாளிலிருந்துதான் கணக்கு.

வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் உங்கள் வயதில் யோசிக்க வேண்டியது, 2000-ஆம் ஆண்டு ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் ‘லைஃப்டைம் ஹெல்த் கவர்’ விதி. 31-வது பிறந்தநாளுக்கு அடுத்து வரும் ஜூலை 1-க்குள் மருத்துவமனைக் காப்பீடு எடுக்காதவர்கள், பின்னால் எப்போது எடுத்தாலும், 30-க்கு மேற்பட்ட ஒவ்வொரு வயதுக்கும் 2 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். உச்சம் 70 சதவீதம். தொடர்ந்து 10 வருடம் கட்டினால் அந்தக் கூடுதல் போய்விடும். புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது: முழு மெடிகேருக்குப் பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் எடுத்துவிட்டால், வயது 36 ஆனாலும் 50 ஆனாலும், கூடுதல் கிடையாது. இந்த 12 மாதத்தைத்தான் நம்மவர்கள் தவறவிடுகிறார்கள். நீங்கள் விட்டுவிட்டு 40 வயதில் எடுத்தால் உங்களுக்கு 20 சதவீதம், அப்போது 37 ஆகியிருக்கும் மனைவிக்கு 14 சதவீதம். தம்பதி பாலிசி என்பதால் சராசரியாக 17 சதவீதம். பி.ஆர். விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோதே இடைக்கால நீல நிற மெடிகேர் அட்டை வாங்கியிருந்தால், உங்கள் கடிகாரம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று மெடிகேரை நடத்தும் அரசு அமைப்பான சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் கேளுங்கள். பதிவுத் தேதியைக் காட்டும் கடிதத்தையும் வாங்கி வையுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும்.

எந்த பாலிசி என்று பார்க்கும்போது கோல்ட், சில்வர், ப்ரான்ஸ் (வெண்கலம்), பேசிக் என்று நான்கு படிகள் இருக்கும். 2019 ஏப்ரலிலிருந்து வந்த முறை இது. எந்தப் படியில் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும் என்பது சட்டப்படி ஒன்றுதான், எந்த நிறுவனமாக இருந்தாலும். குழந்தை பெறுவதற்கான சிகிச்சை, மூட்டு மாற்று, கண்புரை எல்லாம் கோல்டில் கட்டாயம். இதயம் சில்வரிலிருந்து. பிரசவத்தைத் தனியாரில் வைத்துக்கொள்ள எண்ணம் இருந்தால் 12 மாதக் காத்திருப்பு இருக்கிறது. கருத்தரித்த பிறகு எடுத்தால் அந்தக் குழந்தைக்கு உதவாது. ஆனால் மெடிகேர் உள்ளவர்களுக்குப் பொது மருத்துவமனையில் பிரசவம் இலவசம்தான், அதன் தரத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஊர் அனுபவத்தை வைத்துப் பலர் நினைப்பதுபோல, தனியார் காப்பீடு இருந்தால் ஒரு பைசா கட்டாமல் வெளியே வந்துவிடலாம் என்பது இங்கே நடக்காது. தனியார் நோயாளியாகச் சேர்ந்தால், அரசு நிர்ணயித்த டாக்டர் கட்டணத்தில் 75 சதவீதம் மெடிகேர் தரும், 25 சதவீதம் இன்சூரன்ஸ் தரும். டாக்டர் அதற்கு மேல் கேட்டால், அந்த ‘கேப்’ பெரும்பாலும் உங்கள் பையிலிருந்துதான். மருத்துவமனையில் சேராமல் ஜிபியையோ ஸ்பெஷலிஸ்ட்டையோ போய்ப் பார்க்கும் கட்டணத்துக்குத் தனியார் காப்பீடு பணம் தரச் சட்டமே அனுமதிப்பதில்லை. அறுவைக்கு முன்னால் டாக்டரிடம் ஐட்டம் எண்களோடு (ஒவ்வொரு சிகிச்சைக்கும் மெடிகேர் பட்டியலில் உள்ள எண்) மதிப்பீடு வாங்கி, இன்சூரன்ஸுக்குப் போன் செய்து, எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள். அனஸ்தீசியா டாக்டரின் பில் தனியாக வரும், அதையும் கேளுங்கள்.

மாரடைப்பு, விபத்து, புற்றுநோய் என்று பெரிதாக எது வந்தாலும் உங்கள் இருவருக்கும் பொது மருத்துவமனை போதும் என்பது என் உறுதியான எண்ணம். தனியார் காப்பீடு வாங்கித் தருவது டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், அவசரமில்லாத அறுவைக்கு நீண்ட வரிசையில் நிற்காமல் இருப்பதும். உங்கள் கூட்டு வருமானம் வரம்பைத் தாண்டினால், சர்சார்ஜாகப் போகும் பணத்துக்கு ஒரு பாலிசியை எடுத்துக்கொள்வது சரி. தாண்டவில்லை என்றால், அந்த 12 மாதம் முடிவதற்கு முன்னால் நிதானமாகக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள். அரசின் பிரைவேட்ஹெல்த் இணையதளத்தில் எல்லா நிறுவனங்களின் பாலிசிகளையும் ஒப்பிடலாம். தனியார் ஒப்பீட்டுத் தளங்களில் அவர்களுக்குக் கமிஷன் தரும் நிறுவனங்கள்தான் பெரும்பாலும் வரும். ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: ஆம்புலன்ஸை மெடிகேர் கவர் செய்யாது. விக்டோரியாவில் ஒருமுறை ஆம்புலன்ஸ் வந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டும், ஆம்புலன்ஸ் விக்டோரியாவின் குடும்பச் சந்தா ஆண்டுக்கு நூறு டாலரைச் சுற்றித்தான்.

க்ளெய்மை மறுத்தால், ஆஸ்திரேலிய நிறுவனமாக இருந்தால் விசிட்டர் கவருக்கும் சேர்த்து காமன்வெல்த் ஒம்புட்ஸ்மன் என்ற அரசின் குறைகேட்பு அதிகாரியிடம் புகார் செய்யலாம், செலவில்லை. இந்திய ட்ராவல் பாலிசி என்றால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி, அப்புறம் அங்குள்ள இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மன். ஏற்கெனவே இருக்கும் நோய் என்று சொல்லி மறுத்த கேஸ்கள் திரும்பியதை நான் பார்த்ததெல்லாம், அறிகுறி எப்போது தொடங்கியது என்பதற்கு ஊர் டாக்டரிடமிருந்து தேதியோடு ஒரு கடிதம் வந்தபோதுதான். அதனால் அப்பா கிளம்புவதற்கு முன்னால் கார்டியாலஜிஸ்ட்டிடம் ஒரு செக்கப் முடித்து, சமீபத்திய ஈ.சி.ஜி., எக்கோ ரிப்போர்ட், ஸ்டென்ட் வைத்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைகளின் பெயரும் அளவும் எழுதிய கடிதம், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வாங்கி, ஒரு பிரதியைக் கைப்பையில் வைத்து, இன்னொன்றை உங்களுக்கு ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள்.